தோளும் சீலையும்

உடுத்த ஆடை நெகிழுங்கால் அதனைப் பற்றுதற்குக் கை எத்துணை விரைவாகச் செல்லும் என்பதைத் திருவள்ளுவர் நட்புக்கு உவமையாக எடுத்தாண்டார். அவ்விரைவை அறியாதார் ஒருவரும் இரார் என்னும் துணிபினாலன்றோ புலவர் அதனை உவமையாக்கினார்? ஆயினும், எவ்வாடை நெகிழின் கை விரையும், யார் முன்னிலையில் விரையும், எவ்விடத்தில் விரையாது நிற்கும் என்று கேட்கப் புகுவோமாயின் விடை நாட்டுக்கு நாடு வேறாகும். ஒரு நாட்டிலேயே குலத்துக்குக் குலம் வேறாகும். இவ்வேறுபாடு ஒரு காலத்தில் நம் தென்கோடியில் சந்தைகளிலும் நீதிமன்றங்களிலும் அரண்மனையிலும் வழக்காக நின்று, ஆலயங்களை எரித்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு மக்களை அலைக்கழித்தது. தோள்சீலைக் கலகம் என்று பெயர் பெற்ற அவ்வழக்கினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று கன்னியாகுமரி மாவட்டம் என வழங்கும் நிலப்பகுதி, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் மலையாள நாட்டோடு இணைந்திருந்த தென் திருவிதாங்கூர் ஆகும். அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்பன அதன் தாலுகாக்கள். பேசுவது தமிழாயினும் ஆள்வது திருவனந்தபுரம். ஆதலின் உடையைப் பற்றிய வழக்கமும் மலையாள நாட்டு வழக்கமாகவே இருந்தது. அவ்வழக்கத்தில் மார்பும் தோளும் திறந்திருத்தல் நாணத்துக்குரியதாகக் கருதப்படவில்லை. அது மரியாதையின் அடையாளம். நாயர் குல மாது ஒருத்தி வெளியே செல்லுங்கால் ஒரு மேல்முண்டினை மார்பின்மீது இட்டு, அதன் ஒரு தலைப்பைத் தோளின்மேல் எறிந்து செல்வாள். நம்பூதிரி ஒருவர் எதிர்ப்படின் அதனை நெகிழ்த்துவாள். நம்பூதிரியோ தெய்வத்தின் முன்னிலையில் தம் மேலாடையைக் களைவார். நாட்டை ஆளும் மகாராஜாவும் பத்மநாபசுவாமியின் சந்நிதியில் மேனி திறந்தவராகவே நிற்பார். இன்றும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தர் போயினும் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டே உட்புகுதல் வேண்டும். அவ்விடத்தில் அவரை வெட்கங்கெட்டவர் என்று சொல்வார் ஒருவருமில்லை.

இவ்வழக்கத்தைக் கண்ட ஐரோப்பியர் பலர் திடுக்கிட்டு எழுதிவைத்துள்ளனர். அவர்கள் திடுக்கிட்டமை பற்றி நமக்குச் சிறிது புன்னகை வருதல் கூடும். விக்டோரியா அரசியாரின் காலத்தில் இலண்டன் அரண்மனையிற் சென்று அரசியாரை வணங்க விரும்பிய சீமாட்டிகள், பட்டப்பகலாயினும், கழுத்தும் தோளும் மேல்மார்பும் தெரியத் தாழ வெட்டிய உடையோடும் குறுங்கைகளோடும் செல்லுதல் வேண்டும் என்பது விதி. நோயாளியாய்க் குளிர் தாங்கமாட்டாதவள் கழுத்துவரை மூடிய உடை அணிய விரும்பின் அதற்குத் தனியே அநுமதி பெறல் வேண்டும். கணுக்கால் தெரிவதைக் குறித்து அவ்வளவு அஞ்சிய சமுதாயம், அரசியார் முன்னிலையில் தோளைத் திறவாமையைக் குறையெனக் கருதிற்று! திருவனந்தபுரத்துக்கும் இலண்டனுக்கும் இடையே உள்ள தூரம் இவ்வொரு பொருளில் நாம் நினைப்பதைவிடக் குறைவே.

நம் வேதாகமத்திலும் இதற்கொத்த ஒரு செய்தி உண்டு. உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்தபோது தாவீது அரசன் சணல்நூல் ஏபோத்தை மட்டும் தரித்துக் கர்த்தருக்கு முன்பாக ஆடினான். அவன் மனைவி மீகாள் அதனைக் கண்டு, அடிமைப்பெண்கள் முன்னிலையில் அரசன் தன் உடையைக் களைந்தானே என்று இகழ்ந்தாள். அவன் கண்டது தெய்வ சந்நிதி. அவள் கண்டது தெருவும் பணிப்பெண்களும். ஓர் அரண்மனைக்குள்ளேயே, கணவன் மனைவியரிடையேயே, ஒரே மேனி இரு பொருள் பட்டது.

நிற்க. திருவிதாங்கூர் வழக்கம் வெறும் மரியாதை வழக்கமாக நின்றிருப்பின் அதனை நாட்டு வேறுபாடு என்று சொல்லி நாம் அமைதியுறலாம். ஆனால் அம்மரியாதை ஏணிப்படிகளைப் போல் அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு படியில் நின்றவரும் தமக்கு மேற்படியினர் முன்பு மேனி திறந்தனர். கீழ்ப்படியினர் முன்பு மூடிக்கொண்டனர். அடிப்படியில் நின்றவர்க்கு எல்லாரும் மேற்படியினரே. ஆதலின் அவர்கள் வழியிலும் வயலிலும் சந்தையிலும் எப்போதும் திறந்த மேனியராகவே இருத்தல் வேண்டியதாயிற்று. நாயர் மாது மேலாடையை நெகிழ்த்தினாள் எனின், நெகிழ்த்துதற்கு அவளிடம் ஓர் ஆடை இருந்தது. வணங்கி முடிந்தபின் அதனை மீண்டும் தோள்மேல் இட்டுக்கொண்டாள். நாடார் குலப் பெண்ணுக்கோ இடுவதற்கு உரிமையே இல்லை. வணங்கிய கையைத் தாழ்த்தலாகாது என்று ஒருவனைக் கட்டிவைத்தால் அவன் வணங்குகிறான் என்று சொல்ல ஒண்ணுமோ?

நாடார் என்று ஈண்டுக் குறிக்கப்படுவோரை அந்நாளைய ஆவணங்கள் சாணார் என்றே எழுதும். பனையேறுதலும் உழவும் கூலியும் அவர்கள் பிழைப்பு. மேலாடை மட்டுமன்றி வேறு பல தடைகளும் அவர்கள்மீது சுமத்தப்பட்டிருந்தன. குடை பிடித்தலாகாது, செருப்பு அணிதலாகாது, பொன் நகை பூணுதலாகாது, மாடி வைத்து வீடு கட்டுதலாகாது, பசு கறத்தலாகாது. பெண்கள் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைத்தலுமாகாது. இக்கடைசித் தடையைப் படிக்கும்போது, வேறெதற்கும் வாராத ஒரு வியப்பு நமக்கு உண்டாகிறது. குடம் இடுப்பில் இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? நடையும் நிற்கும் நிலையுங்கூட இன்ன குலத்தாள் இவள் என்று தொலைவிலிருந்தே காட்டுதல் வேண்டும் என்பதன்றி வேறு காரணம் சொல்ல இயலாது. தோள்சீலையையும் இவ்வரிசையில் வைத்து நோக்கினாலன்றி அதன் உண்மை புலப்படாது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றுவிட்டால் திருவிதாங்கூர் அரசின் இச்சட்டம் செல்லாது. ஒருநாள் நடையில் ஓர் உடம்பின் நெறி மாறிவிடும்.

இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தொபே ஐயர் 1806-ஆம் ஆண்டு மயிலாடிக்கு வந்து பணி தொடங்கினார். அவருக்குப்பின் 1818-இல் மீட் ஐயர் நாகர்கோயிலுக்கு வந்தார்; அடுத்த ஆண்டு மால்ட் ஐயரும் அவர் மனைவியாரும் வந்தனர். சபையிற் சேர்ந்தவருள் மிகப் பெரும்பாலார் நாடார் குலத்தினர். திறந்த மார்போடு பெண்கள் ஆலயத்தில் அமர்வதைக் கண்டு மிஷனெரிமார் மனம் பொறாராயினர். அவர்கள் அதனை ஏழைமை என்றோ, அடிமைத்தனம் என்றோ முதலில் கண்டிலர். அடக்கமின்மை என்றே கண்டனர். இலண்டன் அரண்மனையின் விதி அவர்கள் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. மிஷனெரிமாரின் மனைவிமார் பெண்களுக்குத் தையல் கற்பித்து, தளர்ந்த சட்டையொன்று தைத்து அணியச் செய்தனர். அதற்குக் குப்பாயம் என்று பெயர்.

இச்சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு எழுதாமல் மேற்செல்லத் தமிழ் மாணாக்கராகிய நமக்கு மனம் வாராது. குப்பாயம் என்பது பழஞ்சொல். சீவக சிந்தாமணியில் அது மிலேச்சன் அணிந்த சட்டையைக் குறித்து வருகிறது. முல்லைப்பாட்டிலும் சட்டையாகிய மெய்ப்பையுட் புகுந்தவராகக் காட்டப்படுவோர் யவனரே. தைத்த சட்டை அயலாரது, தைக்காத துணி நம்மவரது என்ற நினைவு இந்நாட்டில் மிகப் பழைமையானது. திருவிதாங்கூரிலும் குப்பாயம் அணிந்தோர் யாவர்? சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளைமாருமே. குல ஏணியின் படிகளில் அவர்கள் நிற்கவில்லை. அதன் பக்கத்தே தனியாக நின்றார்கள். இக்குறிப்பினை மனத்தில் வைத்துக்கொண்டால் பின் வந்த அரசாணைகளின் போக்கு விளங்கும்.

ரெஸிடெண்டாகவும் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் மன்ரோ, கிறிஸ்தவர்களான பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று முதலில் ஆணை பிறப்பித்தார். அரண்மனைச் சபையார் எதிர்த்தனர். அதன் பயனாக 1814-ஆம் ஆண்டு ஆணை திருத்தப்பட்டது: சிரியன் கிறிஸ்தவரையும் மாப்பிள்ளைமாரையும் போலக் குப்பாயம் அணியலாம், நாயர் மகளிரைப்போல் மேல்முண்டு இடலாகாது. மார்பை மறைத்தல் ஒன்றே நோக்கமாயின் வழக்கு இங்கேயே முடிந்திருத்தல் வேண்டும். குப்பாயம் கழுத்துக்குக் கீழ் யாவற்றையும் மறைத்தது. சொல்லப்போனால் தோள்சீலையைவிட நன்றாகவே மறைத்தது. மிஷனெரிமாரின் அடக்கக் கொள்கைக்கும் அது போதுமானது. அரசாங்கத்துக்கும் அதனால் இடரில்லை. ஆயின், அதனை அணிந்தவர்களுக்குப் போதவில்லை! அவர்கள் குப்பாயத்தை அணிந்து, அதன்மேல் ஒரு சீலையையும் இட்டுத் தோளில் எறிந்துகொண்டு சந்தைக்குப் போயினர்.

இச்செயலே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்று நாம் கருதுகிறோம். மறைத்தற்கு இனி ஒன்றும் இல்லாத இடத்தில் மேலும் ஒரு துணியை இட்டவள், அத்துணியால் எதனையோ மறைக்க விரும்பினாள் என்று சொல்ல வழியில்லை. அவள் ஒன்றைக் காட்ட விரும்பினாள். குப்பாயம் அவளை ஏணிக்குப் புறத்தே நிறுத்தி, ‘நீ அயலாள், போ’ என்றது. தோள்சீலையோ ஏணியின் மேற்படியில் நிற்போர்க்கு உரியது. அதனை அவள் இட்டவுடன் ஏணியே ஆட்டங்கண்டது. எதிர்த்தவர்களும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அவர்கள் கிழித்தது பெரும்பாலும் அந்த மேற்சீலையையே. 1822-ஆம் ஆண்டு முதல் கல்குளம் பகுதியில் சந்தைக்கும் வழிக்கும் சென்ற பெண்கள் அடிக்கப்பட்டனர். அவர்களது சீலை பறித்துக் கிழிக்கப்பட்டது. மீட் ஐயர் முறையிட்டதன்மேல், கிறிஸ்தவப் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளத் தடையில்லை எனப் பத்மநாபபுரம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நெடுநாள் நின்றிலது.

1827 முதல் 1829 வரையில் கலகம் மீண்டும் மூண்டது. பள்ளிகளும் ஆலயங்களும் கொளுத்தப்பட்டன. ஊழியம் என்று வழங்கிய கூலியில்லா வேலையைச் செய்ய மறுத்தவர்களும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வாராதவர்களும், தோள்சீலை இட்டவர்களும் ஒரே குற்றவாளிகளாகக் கருதப்பட்டனர். இறுதியில் 1829-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், இளவரசருக்காக ஆட்சி நடத்திய இராணி கௌரி பார்வதி பாயியின் அரசாங்கம் விளம்பரம் ஒன்று வெளியிட்டது. மேற்சீலை மறுக்கப்பட்டது, குப்பாயம் மட்டும் மீண்டும் இசையப்பட்டது. ஊழியமும் முன்போல் செய்யவேண்டும் எனப்பட்டது. அடக்கத்துக்கு வழி கொடுத்து, மதிப்புக்கு வழியை அடைத்த ஆணை இது. பெண் ஒருத்தி ஆண்டபோதே இவ்வாணை பிறந்தமை நினைக்கத்தக்கது; அவ்விராணியும் தம் குல வழக்கப்படி தெய்வத்தின் முன் தோள் திறப்பவரே ஆதலின், அவர் கண்ணுக்கு இதில் கொடுமை தோன்றாமல் இருந்திருக்கலாம்.

இதற்கிடையே மால்ட் அம்மையார் நாகர்கோயிலில் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்து வந்தார். சிறு உருளைக்கட்டைகளில் நூலைச் சுற்றி, திண்டின்மேல் ஊசி குத்திப் பின்னும் நுண்ணிய வேலை அது. அடிமைகளாயிருந்த சிறுமிகள் சிலர் அக்கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்பது மிஷன் வரலாற்றில் காணப்படும் செய்தி. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855-இலேயே. ஆதலின் அதற்கு முன் விடுதலை என்பது காசு கொடுத்துப் பெறும் பண்டமே. அவர்கள் பின்னிய லேஸை ஐரோப்பியச் சீமாட்டிகள் வாங்கித் தம் உடைகளின் ஓரத்தில் தைத்துக்கொண்டனர். தம் தோளுக்கு ஒரு முழத் துணி கேட்டு அடிபட்டவர்களுடைய கைவேலை, பிறர் உடையை அழகு செய்தது.

1858-ஆம் ஆண்டு நவம்பரில் விக்டோரியா அரசியாரின் பேரறிக்கை வெளிவந்தது. இந்திய மக்களின் மதங்களில் தலையிடோம் என்று அது கூறிற்று. தென் திருவிதாங்கூரில் உயர்குலத்தோர் சிலர், இனி மிஷனெரிமாருக்கு ஆதரவில்லை, பழைய வழக்கமே நிலைக்கும் என்று அதற்குப் பொருள் கொண்டனர் போலும். அவ்வாண்டின் முடிவிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் மூண்ட கலகமே மூன்றிலும் கொடியது. சந்தைகளில் சீலைகள் மீண்டும் கிழிக்கப்பட்டன. ஆலயங்களும் வீடுகளும் எரிந்தன. அப்போது ரெஸிடெண்டாயிருந்த ஜெனரல் கல்லன் விரைந்து செயற்பட்டாரல்லர். சென்னைக் கவர்னராகப் புதிதாக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் அவரைக் கடிந்து கடுமையாக எழுதினார். திவான் மாதவ ராவ் நிலைமையின் நெருக்கடியை உணர்ந்தார். உத்திரம் திருநாள் மகாராஜா 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் புதிய விளம்பரத்தை வெளியிட்டார்.

அவ்விளம்பரத்தின் வாசகம் நுணுகி நோக்கத்தக்கது. நாடார் குலப் பெண்கள் எம்மதத்தினராயினும் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப்போல் பருந்துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் உயர்குலப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தலாகாது. இந்து நாடார் பெண்களும் இதில் அடங்கினர் என்பது பெரும் முன்னேற்றமே. ஆயினும் அந்தக் கடைசி விலக்கைப் பாருங்கள். எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள், எங்களைப்போல் மட்டும் மறைக்காதே என்கிறது அரசு. மேனி திறப்பதா மறைப்பதா என்பதன்று வழக்கு என்பதை அரசாங்கமே எழுதிக் கையொப்பமிட்டது போலாயிற்று.

இவ்வரலாற்றைச் சொல்லுவோர் இன்று இருவகையாகப் பிழைபடச் சொல்லுகின்றனர் என்பது நம் கருத்து. ஆடையில்லாத மக்களுக்கு ஐரோப்பியர் ஆடை கொடுத்து நாகரிகம் கற்பித்தனர் என்பது ஒன்று. நம் சபை நூல்களிலும் இத்தொனி உண்டு. அது உண்மையாயின் அப்பெண்கள் குப்பாயத்தோடு நின்றிருப்பர். திறந்த மேனியே இந்நாட்டின் கள்ளமற்ற இயல்பு, அதனை அந்நியருடைய நாணம் கெடுத்தது என்பது மற்றொன்று. அதுவும் பொருந்தாது. நம்பூதிரி குலப் பெண்கள் உடம்பு முழுவதையும் போர்த்து, ஓலைக்குடையால் முகத்தையும் மறைத்தே வெளியிற் சென்றனர். மறைத்தலின் மதிப்பை அறியாத நாடாக அது எக்காலத்திலும் இருந்ததில்லை. மதிப்பு இன்னின்னார்க்கே உரியது என்று பங்கிடப்பட்டிருந்தது, அவ்வளவே. வள்ளுவரின் நாணுடைமை அதிகாரத்தைக் கற்றோர், தகாத செயலுக்கு நாணுதல் வேறு, குலமகளிரின் இயல்பான நாணம் வேறு என்று அவர் பிரித்துக் கூறுவதை அறிவர். சந்தையில் சீலை கிழிக்கப்பட்டபோது, முதலாவது வகை நாணம் யாருக்கு வந்திருத்தல் வேண்டும் என்பதைப் படிப்போரே கூறட்டும்.

கிறிஸ்தவர்கள் மட்டுமே இப்போரை நடத்தினர் என்று எண்ணுவதும் தகாது. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாகர்கோயிலில் இப்போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு நிறைவு விழா தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில முதலமைச்சர்களும் கலந்துகொள்ள நடைபெற்றபோது, ஐயா வைகுண்டரின் பெயரும் அங்கு இடம்பெற்றது இயல்பே. 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த அவர், சாமித்தோப்பில் இருந்துகொண்டு, மதம் மாறாத நாடார் மக்களுக்கும் அவர்களோடொத்த பிறர்க்கும் வழிகாட்டியவர். திருவனந்தபுரத்தில் சிறையும் இருந்தார். தலையில் துணி கட்டுதல் மேற்குலத்தோர்க்கே உரியதாயிருந்த காலத்தில், தம்மைச் சேர்ந்தோர் வழிபாட்டுக்கு வரும்போது தலைப்பாகை கட்டி வரவேண்டும் என்று அவர் விதித்தார். இந்நாட்டுக் கோயில்களில் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பிற் கட்டுவதே பணிவு என்றிருக்க, அவர் அதனைத் தலைகீழாக்கினார். அதே வேளையில், தெய்வத்தின் முன் மேனி திறத்தல் என்னும் பழைய வழக்கத்தை அவர் தள்ளிவிடவுமில்லை. இன்றும் சாமித்தோப்புப் பதியில் ஆடவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வாயிலில் நின்று தலைப்பாகையை இறுகக் கட்டிக்கொண்டு உட்செல்கின்றனர்.